புதுக் காரில் கீறலும் நெளிசலும் கண்ணில் பட்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. எஞ்சினில் குறையில்லை, ஓட்டத்திலும் குறையில்லை. ஆனால் ஆசை ஆசையாக வாங்கிய வண்டியின் மேனியில் ஒரு கீறலோ, நெளிசலோ, நிற வேறுபாடோ தெரிகிறது. இதைப் பெரிதுபடுத்தலாமா என்று பலர் தயங்கியே கேட்டிருக்கிறார்கள். முழு விலை கொடுத்தவருக்குக் குறையில்லாத வண்டியைக் கேட்கும் உரிமை உண்டு. அதில் தயங்க எதுவும் இல்லை. அதே சமயம், அவசரத்தில் ஒப்புக்கொள்ளும் சில ரிப்பேர்கள் முதலில் இருந்த கீறலைவிட அதிகக் கெடுதல் செய்துவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் கார் கைக்கு வருகிறது. வெளிப்புறத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: எதைப் பார்ப்பது என்பதைவிட எப்போது, எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்பதுதான் முக்கியம். வண்டியைப் பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்து உலர்ந்த நிலையில் பாருங்கள். ஈரமான பெயின்ட்டில் மெல்லிய கீறல்களைத் தண்ணீர் நிரப்பி மறைத்துவிடும் என்பதால், மழையிலோ, கழுவிய கையோடு கொண்டுவந்து நிறுத்தும்போதோ பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். கடைசித் தவணைப் பணத்தைச் செலுத்துவதற்கும் வண்டி உங்கள் பெயரில் பதிவாவதற்கும் முன்பே ஒரு முறை பார்த்துவிட முடிந்தால் மிகவும் நல்லது. குறை தெரிந்தால் வேறு வண்டி கேட்பது அந்தக் கட்டத்தில்தான் எளிது.

நெளிசலைக் கண்டுபிடிக்க நேருக்கு நேர் நின்று பார்த்தால் போதாது. முன்விளக்கின் உயரத்துக்குக் குனிந்து, கதவுகளின் நீளவாக்கில் பார்வையை ஓட்டுங்கள். எதிரே உள்ள ஜன்னல் சட்டம், கம்பம் போன்ற நேர்க்கோடு ஒன்றின் பிம்பம் கதவின் மேல் விழும். அந்தக் கோடு ஓரிடத்தில் மட்டும் வளைந்து மீண்டால் அங்கே நெளிசல் இருக்கிறது. பம்பர் மூலைகள், கதவு விளிம்புகள், கூரை, பெட்ரோல் மூடியின் உட்புறம், வீல் ரிம்களின் ஓரம் ஆகியவை பலர் பார்க்க மறக்கும் இடங்கள். உள்ளே, பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களின் மேலுள்ள பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டே பாருங்கள், ஏனெனில் தாளுக்கு அடியிலும் கீறல் இருக்கக்கூடும்.

கேள்வி: எல்லாம் சரி என்று கையெழுத்திட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன். மறுநாள் காலையில்தான் பின்கதவில் ஒரு விரல் நீளக் கீறலைப் பார்த்தேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும், ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கீறலைத் துடைக்கவோ பாலிஷ் போடவோ முயலாமல் அப்படியே விட்டு, முழுக் கதவும் தெரியும்படி ஒரு படமும், அருகில் அளவுகோல் வைத்து ஒரு படமும், ஓடிய தூரம் தெரியும்படி மீட்டரை ஒரு படமும் எடுங்கள். அவற்றை அன்றைக்கே மின்னஞ்சலில் விற்பனையாளருக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதை எழுத்தில் ஒரு முறை உறுதிப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் மறக்காமல் செய்யுங்கள். சாவி வாங்கும்போது எடுத்த குடும்பப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிரித்துக்கொண்டு நிற்பவர்களின் தோளுக்குப் பின்னால் அந்தக் கீறல் தெளிவாகத் தெரிவதுண்டு. அதைவிட வலுவான சான்று உங்களுக்குக் கிடைக்காது.

விற்பனையாளர் ஏன் முதலில் மறுக்கிறார் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். உற்பத்தியில் நேர்ந்த பெயின்ட் குறைகளை வாரன்டி ஏற்கும். வெளியிலிருந்து பட்ட அடியையும் கீறலையும் ஏற்காது. ஆலையிலிருந்து லாரி, ரயில், கப்பல் என்று வண்டி கைமாறும் இடங்களில், பெற்றுக்கொள்பவர் குறைகளைக் குறித்துக் கையெழுத்திடுவது இத்தொழிலின் நடைமுறை. ஆகவே, வண்டியைப் பெற்றபோது உங்கள் விற்பனையாளர் எழுதிய சோதனைக் குறிப்பையும், உங்களிடம் ஒப்படைக்கும் முன் செய்த சோதனையின் படிவத்தையும் காட்டும்படி கேளுங்கள்.

கேள்வி: கறுப்பு நிறக் கார். வெயிலில் பார்த்தால் மேலெல்லாம் சிலந்தி வலை போல வட்டக் கோடுகள் தெரிகின்றன. கறுப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

பதில்: கறுப்பில் அவை எளிதில் தெரியும் என்பது உண்மை, ஆனால் ஆலையிலிருந்து அப்படியே வந்தன என்று சொல்வது சரியாகாது. அழுக்குத் துணியாலோ மணல் ஒட்டிய பஞ்சாலோ துடைத்ததில், நிறத்தின் மேலிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சில் விழுந்த நுண்கீறல்கள் அவை. முறையாகப் பாலிஷ் செய்தால் போய்விடும். ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள கிரீமைத் தடவிக் கீறல்களை நிரப்பிக் கொடுத்துவிடும் வழக்கமும் உண்டு. நான்கைந்து முறை கழுவியதும் அவை மீண்டும் தெரியத் தொடங்கும். எனவே வேலை முடிந்ததும் ஒரு பகுதியை, அந்த எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைக்கச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பாலிஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சிறிது தேய்ந்து போகும் என்பதால், இந்த வேலை தெரிந்தவர் கையால் ஒரே முறை நடக்கட்டும்.

கேள்வி: முன்கதவில் ஒரு கீறல். கதவு முழுவதற்கும் இலவசமாகப் புதுப் பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். இந்த ஒரு கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஆலையில் வெறும் உடற்கூடாக இருக்கும்போதே காருக்குப் பெயின்ட் அடிக்கப்படுகிறது. துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக ஏற்றி, மேல் பூச்சுகளைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் சுடவைக்கிறார்கள். வயரிங், பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் பொருத்திய முழு வண்டியை அந்த வெப்பத்தில் வைக்க முடியாது. அதனால் பட்டறையில், பூச்சை இறுகச் செய்யும் ஹார்டனர் கலந்த வேறு வகைப் பெயின்ட்டை அடித்துச் சுமார் 60 டிகிரியில் உலர்த்துகிறார்கள். நல்ல பட்டறையின் வேலை பல ஆண்டுகள் உழைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஆலைப் பெயின்ட் ஒரு முறை போனால் அதே பூச்சு திரும்பக் கிடைக்காது. தூசிப் புள்ளிகள், நிற வேறுபாடு, விளிம்பில் உரிதல் போன்ற புதுக் குறைகள் வரவும் வாய்ப்பு உண்டு. விற்கும் நாளில், மறுபெயின்ட் கண்ட கதவைப் பார்த்தவுடன் வண்டி விபத்தில் சிக்கியதோ என்ற சந்தேகமும் வாங்குபவருக்கு எழும்.

ஆகவே முதலில் கீறலின் ஆழத்தைப் பாருங்கள். சுத்தம் செய்த இடத்தில் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெல்ல இழுங்கள். நகம் தட்டுப்படாமல் வழுக்கிச் சென்றால் அது கிளியர் கோட்டின் மேற்பரப்பில் மட்டும் இருக்கிறது, பாலிஷ் போதும். நகம் சிக்கினாலும் அடியில் உலோகமோ பிரைமரோ தெரியாவிட்டால், டச்-அப் பெயின்ட்டை நுண்ணிய தூரிகையால் மெல்லிய அடுக்குகளாக ஏற்றிச் சமன்படுத்தும் முறையைக் கேளுங்கள். ஒரே பூச்சில் சொட்டாக வைத்தால் மேடு தட்டி, கீறலைவிட அசிங்கமாகத் தெரியும். பெயின்ட் உடையாத நெளிசல் என்றால், உட்புறமிருந்து கம்பியால் சிறிது சிறிதாகத் தள்ளி நிமிர்த்தும் பெயின்ட் இல்லாத டெண்ட் நீக்கமே முதல் தேர்வாக இருக்க வேண்டும். அதற்குப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, வைக்க அனுமதிக்காதீர்கள்.

உலோகம் தெரியும் ஆழக் கீறலுக்கு மட்டுமே கதவு முழுவதையும் அடிப்பது நியாயம். அப்போதும் எந்தப் பட்டறையில், எத்தனை நாளில், எந்த வாரன்டியுடன் செய்யப்படும், வேலை திருப்தியாக இல்லாவிட்டால் என்ன தீர்வு என்பவற்றை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். சிறிய கீறலாக இருந்தால், ரிப்பேருக்குப் பதிலாக விலையில் கழிவோ இலவச சர்வீஸோ கேட்பது தவறில்லை. என் கையில் முடிவு இருந்தால், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் கீறலுக்காக ஆலைப் பெயின்ட்டை இழக்க மாட்டேன்.

கேள்வி: வண்டி என்னிடம் வருவதற்கு முன்பே ரகசியமாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. பெயின்ட்டின் தடிமனை அளக்கும் சிறு மீட்டர்கள் கிடைக்கின்றன. ஆலைப் பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதால், மொத்தப் பூச்சும் இரண்டு மயிரளவுதான். மற்ற பாகங்கள் 110, 120 என்று காட்டும்போது ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அதன் மேல் மறுபெயின்ட் இருக்கக்கூடும். ஆயிரத்தை நெருங்கினால் அடியில் பட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். பிளாஸ்டிக் பம்பரின் மேல் இந்தச் சாதாரண மீட்டர்கள் வேலை செய்யா. ஆலையிலேயே சரிசெய்து அனுப்பும் வண்டிகளும் உண்டு என்பதால், மீட்டர் காட்டும் எண்களை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்டாமல் விளக்கம் கேளுங்கள்.

மீட்டர் இல்லாதவர்கள் கண்ணையும் நகத்தையும் நம்பலாம். பானட்டைத் திறந்து, முன்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடான ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்ட போல்ட்டின் மூலைகளில் பெயின்ட் உதிர்ந்து உலோகம் மின்னும். நான் ஒரு முறை பெற்ற புது வண்டியில் வெளியே எந்தக் குறையும் தெரியவில்லை. பின்கதவைத் திறந்து, ரப்பர் பீடிங்கை விலக்கி விளிம்பில் நகத்தை ஓட்டியபோதுதான், டேப் ஒட்டி அடித்த இடத்தில் நூல் தடிமனுக்கு ஒரு மேடு கையில் தட்டுப்பட்டது. ரப்பரின் மேலும் அதே நிறத்தில் மெல்லிய தூசி போலப் பெயின்ட் படிந்திருந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது இடித்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன்.

கேள்வி: பம்பரின் நிறமும் பக்கத்து ஃபெண்டரின் நிறமும் சற்று வேறாகத் தெரிகின்றன. இது குறையா?

பதில்: பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால், பெரும்பாலும் தனியாக, வேறு வெப்பத்தில் அதற்குப் பெயின்ட் அடிக்கப்படுகிறது. உலோகத் துகள் கலந்த மெட்டாலிக் நிறங்களில் துகள்கள் படியும் கோணம் மாறுவதால் சாயல் சிறிது மாறும். இடது, வலது பக்கங்களை ஒப்பிடுங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் வேறுபட்டால் அது அந்த மாடலின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மாறினால் அங்கே வேலை நடந்திருக்கலாம்.

கேள்வி: வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளைக் காரில் ஊசி முனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள் உள்ளன. உடற்கூடு துருப்பிடிக்கிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ரயில் பாதை, பிரேக், ஆலைப் பகுதிகளிலிருந்து பறக்கும் இரும்புத் துகள்கள் பயணத்தின்போதோ நிறுத்தி வைத்த இடத்திலோ பெயின்ட்டில் குத்தி நின்று, ஈரம் பட்டுத் துருவேறுகின்றன. துருப்பிடிப்பது அந்தத் துகள்தான். இரும்பு நீக்கித் திரவத்தைத் தெளித்தால் துகள்களோடு வினைபுரிந்து ஊதா நிறமாக வழியும். உலர விடாமல் நன்றாகக் கழுவி, மீதமிருப்பதை, பெயின்ட்டில் ஒட்டிய துகள்களை எடுக்கவென்றே விற்கும் டீடெய்லிங் களிமண்ணால் வழுக்கும் திரவத்துடன் மெல்ல எடுக்க வேண்டும். தேங்காய் நார் போன்ற சொரசொரப்பான எதனாலும் தேய்க்கக் கூடாது. எடுத்த பிறகும் புள்ளி அதே இடத்தில் வளர்ந்தால் அல்லது பெயின்ட் குமிழ் போல் உப்பினால், அது உற்பத்திக் குறையாக இருக்கலாம். வாரன்டியில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: பானட்டின் ஒரு பக்க இடைவெளி அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் உள்ளது.

பதில்: கீல்களையும் ரப்பர் தாங்கிகளையும் சரிசெய்து பெரும்பாலும் நேராக்கிவிடலாம், பெயின்ட்டைத் தொட வேண்டியதில்லை. கதவில் இதே நிலை இருந்தால் காற்றிரைச்சலும் தண்ணீர் கசிவும் வருகின்றனவா என்றும் சோதியுங்கள்.

கேள்வி: கீறலுக்கு ஈடாக இலவச செராமிக் கோட்டிங் போட்டுத் தருகிறார்கள். ஏற்கலாமா?

பதில்: செராமிக் கோட்டிங் என்பது பெயின்ட்டின் மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் படலம். அது கீறலை நீக்காது. கண்ணாடி போல அதன் மேல் படிந்து, கீறலையும் சேர்த்தே பூட்டிவிடும். எனவே முதலில் கீறலைச் சரிசெய்து, நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே கோட்டிங் நடக்க வேண்டும். ஏதேனும் பாகத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் பொறுமை தேவை. பெயின்ட்டுக்குள் இருக்கும் கரைப்பான் முழுவதும் வெளியேறப் பல வாரங்கள் ஆகலாம். அதற்குள் கோட்டிங்கோ பாதுகாப்பு ஃபிலிமோ போட்டால் பூச்சு மங்கவோ, ஃபிலிமை எடுக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரியவோ கூடும். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று பெயின்ட் அடித்த பட்டறையிடமே எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தேதிக்குப் பிறகு கோட்டிங் போட்டுத் தருவதாக விற்பனையாளரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.