அவசரமில்லாத நாள்: கேள்வி பதில்

பர்மாவில் ரங்கூன், பெகு, தட்டோன், மௌல்மேன் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. ஆள் ஆளுக்குத் தொழில் வேறு. ஆனால் எல்லோரும் மாட்டிக்கொண்டிருப்பது ஒரே இடத்தில்தான்: தொடங்கும் நேரம் தெரிகிறது, நிறுத்தும் நேரம் தெரியவில்லை.

அக்கா, ரங்கூன் தாம்வேயில் இருக்கிறேன். சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். காலை 7.30க்கு உட்கார்ந்தால் ராத்திரி 10 மணிக்கும் மெசேஜ் வருகிறது. உடனே பதில் போடாவிட்டால் வேலை போய்விடுமோ என்று பயம்.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம் தம்பி. சிங்கப்பூர் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்களுக்கு 9 மணி, நமக்கு 7.30. அவர்கள் 6 மணிக்குக் கிளம்பும்போது இங்கே 4.30. காலையில் அவர்கள் நேரத்துக்குத் தொடங்கிவிட்டு, சாயங்காலம் நம் ஊர் நேரத்துக்கு முடிக்கிறீர்கள். ஒன்றரை மணி நேரம் அங்கேயே கையை விட்டுப் போகிறது.

4.15க்குக் கையிலிருக்கும் வேலையை நிறுத்துங்கள். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எது முடிந்தது, எது எந்த இடத்தில் நிற்கிறது, நாளைக்கு முதலில் தொட வேண்டியது எது. இரண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. "ஜூலை பில்கள் பாதி" என்று எழுதினால் பயனில்லை. "ஜூலை பில்களில் 43 வரை பதிவு, 44இல் தொகை இடிக்கிறது, கேட்க வேண்டும்" என்று எழுதுங்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு எழுந்தால் மனசின் ஒரு துண்டு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதை ஆராய்ந்து 'கவன எச்சம்' என்று பெயர் வைத்தார். நின்ற இடத்தைத் தாளில் இறக்கி வைத்தால் அந்த ஒட்டல் குறையும். ராத்திரி சாப்பாட்டின்போது 44ஆம் பில் நினைவுக்கு வராது.

அடுத்து மெசேஜ். 7.30, 11.30, 4 மணி என மூன்று வேளை மட்டும் திறந்து பாருங்கள். மற்ற நேரம் அறிவிப்பு ஒலியை அணைத்துவிடுங்கள். ஆனால் சொல்லாமல் செய்யாதீர்கள். பலர் தோற்பது இங்கேதான். திடீரென்று மௌனமானால் அங்கே இருப்பவர் "ஆள் வேலையில் இல்லை" என்றுதான் நினைப்பார். மேலாளருக்கு முன்கூட்டியே ஒரு வரி போடுங்கள்: "இந்த மூன்று நேரத்தில் எல்லாவற்றுக்கும் பதில் வரும், அவசரமென்றால் போனில் கூப்பிடுங்கள், மாதக் கடைசி மூன்று நாள் எப்போது வேண்டுமானாலும் இருப்பேன்." விட்டுக்கொடுக்கும் மூன்று நாளையும் நீங்களே சொல்லிவிடுவதால், மற்ற நாட்களை அவர்கள் கேட்பது குறையும்.

ராத்திரி 10 மணிக்கு "இது ஒன்றுதானே" என்று பதில் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு பதிலில் நீங்கள் 10 மணிக்குக் கிடைக்கும் ஆள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். போனைப் படுக்கும் அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் கை தானாகப் போனைத் தேடும். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

பெகுவில் மளிகைக் கடை. காலை 5.30க்குத் திறந்து ராத்திரி 10க்குப் பூட்டுகிறோம். சீக்கிரம் பூட்டினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்கிறார் அப்பா.

அப்பாவோடு வாதம் வேண்டாம், கணக்கு காட்டுங்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. ஒரு நாளை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்து, வந்தவருக்கு ஒரு கோடு, பக்கத்தில் விற்ற தொகை. 14 நாள் எழுத வேண்டும். ஒரு வாரம் போதாது, சம்பள நாளோ பௌர்ணமியோ குறுக்கே வந்தால் கணக்கு சாய்ந்துவிடும். பிறகு 8 மணிக்கு மேல் வந்த விற்பனையில் உங்களுக்கு நின்ற லாபத்தை மட்டும் தனியாக எடுங்கள். அதிலிருந்து ஜெனரேட்டர் எண்ணெய்ச் செலவையும் பையனின் கூலியையும் கழியுங்கள். மிஞ்சுவதைப் பார்த்து அப்பாவே பேசுவார்.

கடைசி நேரத்தில் யார் வருகிறார்கள் என்பதையும் குறியுங்கள். அடுத்த தெருக்காரர் முட்டையும் சிகரெட்டும் வாங்க 9.30க்கு வருகிறார் என்றால், 8.30க்குப் பூட்டும் கடைக்கு அவர் 8.15க்கு வருவார். வழிப்போக்கர்தான் அதிகமென்றால் பூட்டுவதில் நஷ்டம் உண்டு, அப்போது மத்தியானத்தில் மூடுங்கள். ஒரேயடியாகக் குறைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் குறையுங்கள். தமிழிலும் பர்மியத்திலும் பலகை தொங்கட்டும். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். பாதி ஷட்டர் என்றால் திறந்த கடை என்று ஊருக்கே தெரியும்.

கரண்ட் வந்ததும் ஓட்டம், போனதும் சோர்வு. நாலு மணி நேரம் இருக்கிறது, நாலு மணி நேரம் இல்லை. இதில் நிதானம் எங்கே?

மின்சாரம் தேவைப்படும் வேலை, தேவைப்படாத வேலை என்று இரண்டு பட்டியல் கதவில் ஒட்டுங்கள். மோட்டார், கிரைண்டர், இஸ்திரி, சார்ஜ் முதல் பட்டியல். அதில் ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் எழுதக் கூடாது. கரண்ட் வந்தவுடன் தண்ணீர் மோட்டார், கூடவே சார்ஜ். இவை இரண்டும் தானாக நடப்பவை, ஆள் நிற்கத் தேவையில்லை. ராத்திரி 1 மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்திருக்க வேண்டியது மோட்டாருக்கு மட்டும். துணி அடுத்த சுற்றுக்கு இருக்கட்டும். கரண்ட் இல்லாத நேரம் முழுவதையும் இரண்டாவது பட்டியலால் நிரப்பினால் மறுபடி அதே ஓட்டம்தான். அதில் பாதியைக் காலியாக விடுங்கள்.

இதெல்லாம் சோம்பேறித்தனத்துக்குச் சூட்டிய நல்ல பேர்தானே?

சோம்பேறியின் வேலை இன்னொருவர் தலையில் விழும். நீங்கள் நிறுத்தியதால் யார் கூடுதலாகச் சுமக்கிறார் என்று பாருங்கள். யாருமில்லை என்றால் உட்காருங்கள் ஐயா.

தட்டோனிலிருந்து. எனக்கு ஓய்வு என்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் சமையல் இரண்டு மடங்கு.

மேலே சொன்ன சோதனையில் உங்கள் வீட்டார் தோற்கிறார்கள், அம்மா. அவர்களின் ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதுகில் நடக்கிறது. 'உதவி செய்யுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வேளையை முழுசாக ஒப்படையுங்கள். ஞாயிறு ராத்திரிச் சாப்பாடு என்றால் என்ன சமைப்பது, சாமான் வாங்குவது, பாத்திரம் கழுவுவது வரை அவர்கள் பொறுப்பு. உப்பு கூடினாலும் நீங்கள் அடுக்களைப் பக்கம் போகக் கூடாது.

சமையலிலும் இட்லி மாவு மாதிரித் தானாக நடப்பதை முன்னால் தள்ளுங்கள். உளுந்து நம் பர்மாச் சரக்கு, நன்றாகவே பொங்கும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, சனிக்கிழமை மத்தியானம் ஊறவைத்து, கரண்ட் இருக்கும்போது அரைத்தால் போதும். சித்திரை வெயிலில் 5, 6 மணி நேரத்திலேயே பொங்கிவிடும். ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் புளிப்பேறிவிடும். உப்பைக் கடைசியில் போட்டு, பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

மத்தியானத் தூக்கம் நல்லதா?

20 நிமிடம். அதைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்தில் எழுந்தால் தலை கனக்கும். 3 மணிக்கு மேல் படுத்தால் ராத்திரித் தூக்கம் கெடும்.

நான் தையல் ஆலைத் தொழிலாளி. நிதானமாக வாழ்வது காசுள்ளவர் பேச்சு.

பாதி உண்மை. ஓவர்டைம் இல்லாமல் வாடகை கட்ட முடியாதவரிடம் மூச்சுப் பயிற்சி பற்றிப் பேசுவது அநியாயம். ஆனால் ஓய்வு சட்டத்திலும் இருக்கிறது. 1951ஆம் ஆண்டு ஆலைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம். அதற்கு மேல் செய்தால் இரட்டைக் கூலி. அதனால் உங்கள் மணிக்கணக்கை நீங்களே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். சம்பளச் சீட்டோடு ஒப்பிட அது ஒன்றுதான் கையில் இருக்கும். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், வரிசையில் பக்கத்தில் உட்காருபவர்களும் எழுதட்டும்.

5 மணிக்கு எழுகிறேன், தியானம், நடை, நாட்குறிப்பு. நிதானமாக வாழத் தொடங்கி மூன்று மாதம். இப்போது அதில் ஒன்று விட்டாலும் மனசு உறுத்துகிறது.

ஒரு முதலாளியை அனுப்பிவிட்டு இன்னொருவரை வைத்துக்கொண்டீர்கள். எண்ணிக் காட்டும் செயலியை அழித்துவிடுங்கள். நாலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எதைச் செய்யும்போது மணி பார்ப்பதில்லையோ அதை. தனியாளாக வைராக்கியம் பிடிப்பதைவிட ஊரோடு சேர்ந்து நிற்பது சுலபம். வாசோ என்ற பர்மிய மாதத்துப் பௌர்ணமியிலிருந்து தடின்ஜுட் மாதப் பௌர்ணமி வரை மூன்று மாதம் பௌத்தர்கள் கல்யாணம் வைப்பதில்லை, வீடு மாற்றுவதில்லை. நமக்கு ஆடி. இரண்டும் மழைக்காலத்தில் ஒட்டி வருவது நல்ல வசதி. புதுத் தொழில், புதுக் கடன், புது வகுப்பு எதையும் அந்த மாதங்களில் தொடங்குவதில்லை என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மௌல்மேனுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் திட்டுவார்களா?

மாட்டார்கள். மேசையில் இருக்கும் பிளாஸ்கில் வெறும் தேயிலைத் தண்ணீர், அதற்குக் காசில்லை, தீர்ந்தால் பையன் நிரப்புவான். உட்கார்ந்து பேசுவதற்காகவே வைத்தது அது. பால் டீ ஒன்று சொல்லுங்கள், இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமென்றால் 'ச்சோ செய்ன்' என்று கேட்க வேண்டும். காலை 7 முதல் 9 வரை கூட்டம், அப்போது இடம் பிடித்து வைக்காதீர்கள். 2 மணிக்கு மேல் போங்கள். அரை மணி கழித்து ஒரு சமோசா சொன்னால் கடைக்காரருக்கும் சந்தோஷம். போனை மேசைமேல் வைக்காமல் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், அந்த முக்காலிகள் தாழ்வு, மேசையும் சின்னது, டீ கொட்டினால் நேரே போன் மேல்தான்.