வெள்ளெழுத்து

அன்புள்ள ஐயா,

பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கும் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் மாலை வகுப்பு எடுக்கிறேன். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கொரு முறை மூன்று நாள் பயிற்சிக்கு அழைக்கிறார்கள். போன ஆண்டு கேட்டதையே இந்த ஆண்டும் கேட்டுவிட்டு வந்தேன். என் வகுப்பில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் நன்றாக வாசிக்கிறான். எழுதச் சொன்னால் மட்டும் நோட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுகிறான். பயிற்சியில் இதைக் கேட்டதற்கு ‘ஊக்கப்படுத்துங்கள்’ என்றார்கள். நான் வெறும் தன்னார்வலர்தான், முறையாகப் படித்த ஆசிரியை அல்ல. அஞ்சல் வழியில் ஏதாவது சான்றிதழ்ப் படிப்பில் சேரலாமா? கைபேசிச் செயலிகளால் பயன் உண்டா?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்த ‘வெறும்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள். பகலெல்லாம் உழைத்துக் களைத்து வருகிறவர்களுக்கு நான்கு ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், இதில் வெறும் என்ன வேண்டிக்கிடக்கிறது? எழுதிய உங்களுக்கு அது தன்னடக்கமாகத் தோன்றியிருக்கும். எனக்குத் தப்பிக்கும் வழியாகப் படுகிறது. வெறும் தன்னார்வலர் என்று சொல்லிக்கொண்டால் அந்தப் பையன் எழுந்து போனதற்கு நீங்கள் பொறுப்பில்லை, பாருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் இதே சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன்தான்.

படிப்பில் சேருவதென்றால் சேருங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. செயலி பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

உங்கள் கடிதம் வந்தபோது சட்டைப் பொத்தான் தைக்க உட்கார்ந்து, நூலை ஊசிக்காதில் நுழைக்க முடியாமல் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடி கிடைத்தது. கூடவே ஒரு பழைய வெட்கமும் வந்து சேர்ந்தது.

இளவயதில் நானும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தேன். தொடக்கத்தில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ‘பெரியவர்களுக்கு விரிவுரை ஆற்றாதீர்கள்’ என்று ஒருவர் இரண்டு மணி நேரம் விரிவுரை ஆற்றியது நன்றாக நினைவிருக்கிறது. மற்றவை மறந்துபோயின.

வகுப்புக்கு ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மா வருவார். எல்லாருக்கும் முந்தி வந்து பாயை விரித்துவைப்பார். கரும்பலகையில் எழுதினால் எழுத்துக்களைப் பட்டென்று சொல்வார். அதே எழுத்தைப் புத்தகத்தில் காட்டினால் திணறுவார். புத்தகத்தைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடிப்பார். ‘கிட்டத்தில் வைத்துப் படியுங்கள்’ என்று நான் அதை அவர் மூக்கருகே தள்ளுவேன். மறுபடி நீட்டுவார், மறுபடி தள்ளுவேன். மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். அந்தக் கையெழுத்து இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

பக்கத்து வகுப்புகளின் ஆசிரியர்கள் நான்கைந்து பேர் வாரம் ஒருமுறை கூடிப் பேசுவோம். யாரும் ஏற்பாடு செய்த கூட்டம் அல்ல, புலம்பக் கூடியதுதான். ஒருநாள் இந்த அம்மாவைப் பற்றிப் புலம்பினேன். தையல் தெரிந்த ஓர் ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அவர் ஊசியில் நூல் கோப்பாரா?”

மறுநாள் அந்த அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். “அந்த வேலையைப் பேத்தியிடம் விட்டு நாலைந்து வருடம் ஆகிறது” என்றார்.

நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுகிக்கொண்டே போகும். கிட்டத்தில் இருப்பது மங்கும். இதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். எழுத்தறிவிக்கப் போன எனக்கு இந்த எழுத்துத் தெரிந்திருக்கவில்லை. கண்ணாடி போட்ட பிறகு அந்த அம்மா மளமளவென்று படித்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பத்து நாள் பயிற்சியிலேயே இதை ஒருவர் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியும் இருக்கலாம். நான்காம் நாள் மதியம், தூக்கக் கலக்கத்தில் கேட்டு மறந்திருப்பேன். அப்போது அந்த அம்மாவை எனக்குத் தெரியாதே. கேள்வி பிறக்கும் முன்பே கொடுத்த விடை மனதில் எங்கே ஒட்டும்?

1961இல் கியூபாவில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. சுமார் 1 லட்சம் மாணவர்கள், பெரும்பாலும் பதின்வயதினர், வரதேரோ கடற்கரையில் சில நாள் பயிற்சி பெற்று, ஆளுக்கொரு விளக்கோடு கிராமங்களுக்குப் போனார்கள். அந்த ஓராண்டில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதப் படிக்கக் கற்றார்கள். இதைச் சொல்லிக்காட்டி ‘சில நாள் பயிற்சி போதும்’ என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாகப் படித்தவர்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் துணையாகப் பல்லாயிரம் பள்ளி ஆசிரியர்கள் களத்தில் நின்றார்கள். கற்க வந்தவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து மூக்குக்கண்ணாடியும் கொடுத்தார்கள். அவர்களுக்கு வெள்ளெழுத்து தெரிந்திருந்தது!

முறைசாராக் கல்வி ஆசிரியர்கள் நிலைப்பதில்லை, அவர்கள் பயிற்சிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்கும் நிர்வாகிகள் உண்டு. தனியாக விட்டால் யார் நிலைப்பார்கள்? மேற்பார்வையாளர் என்று ஒருவர் வருகிறார், தலைகளை எண்ணுகிறார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த அமெரிக்கர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதிவிட்டார்கள்: கோட்பாட்டைக் கேட்டுவிட்டுப் போவதால் மட்டும் வகுப்பறையில் பெரிதாக எதுவும் மாறாது, கூட இருந்து பார்த்துச் சொல்ல சக ஆசிரியர் வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் ஒருவர் பாடம் நடத்த மற்ற ஆசிரியர்கள் பின்னால் நின்று பார்ப்பது நெடுங்கால வழக்கம். பாடம் முடிந்ததும் உட்கார்ந்து அலசுவார்கள்.

ஆகவே பக்கத்தில் வகுப்பெடுக்கும் மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஒவ்வொருவரும் ஓர் ஆளைப் பற்றிப் பேச வேண்டும். தலைப்பைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. ‘ஊக்கப்படுத்துவது எப்படி’ என்று யாராவது தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் வாயைத் திறக்காமல் கடைசியில் உட்காரட்டும்.

உங்கள் பையனை மறந்துவிட்டேன், பாருங்கள். அவன் நன்றாக வாசிக்கிறான் என்கிறீர்கள், அப்படியானால் கண்ணில் குறையிருக்காது. பகலில் என்ன வேலை செய்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பென்சில் பிடிக்கும்போது அவன் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா?