எடை குறைந்த பொருள்தான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணியா?

இல்லை. ஒரு வினையில் முதலில் தீர்ந்துபோய், விளைபொருள் எவ்வளவு கிடைக்கும் என்பதை வரையறுக்கும் வினைபொருளே வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. எடையைப் பார்த்து முடிவு செய்தால் பாதிக் கணக்குகள் தவறிவிடும். மோல் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் போதாது. பலரும் சறுக்குவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

ரயில் தண்டவாளங்களைப் பற்றவைக்கப் பயன்படும் தெர்மைட் வினையை எடுத்துக்கொள்வோம். ஒரு மோல் ஃபெரிக் ஆக்சைடும் 2 மோல் அலுமினியமும் சேர்ந்து 2 மோல் இரும்பையும் ஒரு மோல் அலுமினிய ஆக்சைடையும் தருகின்றன.

உங்களிடம் 160 கிராம் ஃபெரிக் ஆக்சைடும் 50 கிராம் அலுமினியமும் இருக்கட்டும். ஆக்சைடின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 160 கிராம். ஆகவே 1 மோல். அலுமினியத்தின் மோலார் நிறை 27 கிராம்; ஆகவே அது 50 ÷ 27 = 1.85 மோல். எண்ணிக்கையில் அலுமினியம்தான் அதிகம், ஆனால் முதலில் தீர்வதும் அதுவே! ஒவ்வொன்றின் மோலையும் சமன்பாட்டில் அதற்குரிய கெழுவால் (அதன் முன் நிற்கும் மோல் எண்ணால்) வகுத்துப் பாருங்கள்: ஆக்சைடுக்கு 1, அலுமினியத்துக்கு 0.926. சிறிய எண் யாருடையதோ, அதுவே கட்டுப்பாட்டுக் காரணி.

கோட்பாட்டு விளைச்சலை, அதாவது அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடிய விளைபொருளின் அளவை, அதிலிருந்து மட்டுமே கணக்கிட வேண்டும். 1.85 மோல் அலுமினியம் அதே அளவு மோல் இரும்பைத் தரும். இரும்பின் மோலார் நிறையான 56 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 103.7 கிராம். சுமார் 12 கிராம் ஆக்சைடு மிஞ்சும்.

அலுமினியத்தை 60 கிராமாக உயர்த்தினால் நிலைமை தலைகீழாகிறது. இப்போது ஆக்சைடு முதலில் தீரும்; இரும்பு 112 கிராமைத் தாண்டாது, 6 கிராம் அலுமினியம் வீணாக நிற்கும்.

முதல் கலவையில் கைக்குக் கிடைத்தது 95 கிராம் என்றால், விளைச்சல் சதவீதம் 95 ÷ 103.7 × 100, அதாவது சுமார் 91.6. உருகிய இரும்பில் கொஞ்சம் தெறித்துப் போகும், கொஞ்சம் கசடில் சிக்கிக்கொள்ளும். விடை 100ஐத் தாண்டினால், பெரும்பாலும் கசடு ஒட்டிய இரும்பை அப்படியே எடை போட்டிருப்பீர்கள்.