அவர் காலைப் பாருங்க: கார் பழகப் போறவங்களுக்கு ஒரு கேள்வி பதில்

பாளையங்கோட்டையில 22 வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்து பிரேக் மிதிச்சுப் பொழைச்சவன் நான். இப்ப முழங்கால் ஒத்துக்கல, வீட்டோட இருக்கேன். கார் பழக எந்த மாஸ்டர்ட்ட போறதுன்னு கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்லுதேன்னு சொன்னேன். கேள்வி வந்து குவிஞ்சிட்டு.

பெருமாள்புரம் டீச்சர்: வீட்டைச் சுத்தி மூணு டிரைவிங் ஸ்கூல் இருக்கு. ஃபீஸ் எல்லாத்துலயும் ஒண்ணுபோலதான். எதைப் பாத்துச் சேரணும்?

டீச்சர், போர்டைப் பாக்காதீங்க. உங்க பக்கத்துல உக்காரப்போற ஆளைப் பாருங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி, வேற ஒருத்தர் பழகும்போது பின் சீட்டுல ஒரு நாள் உக்காந்து வாரேன்னு கேளுங்க. முடியாதுன்னா திரும்பி வந்துருங்க. சரின்னா, ரோட்டைப் பாக்காம மாஸ்டர் காலைப் பாருங்க. ஸ்கூல் வண்டியில அவர் பக்கமும் பிரேக்கு, கிளட்ச்சு இருக்கும். ஆபத்துக்குன்னு வச்சது அது. வண்டி ஆஃப் ஆகி நேரம் போகக்கூடாதுன்னு சில பேர் கிளட்ச்சை அவங்களே மிதிச்சுக்கிட்டு வருவாங்க. நீங்க ஸ்டியரிங்கை மட்டும் திருப்பிக்கிட்டு, நமக்கு ஓட்ட வந்துட்டுன்னு நினைச்சுக்கிடுவீங்க. அப்படி 15 நாள் படிச்ச மதினி ஒருத்தர், சொந்த வண்டியை எடுத்த மொத நாளே காம்பவுண்டு சுவரைச் சாச்சுட்டு எங்கிட்ட வந்தாவ. அத்தனை நாளும் வண்டி ஓட்டுனது மாஸ்டர் காலு.

அடுத்து, நேரக் கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல, சொந்த உபயோக கார் பழக 21 நாளுக்குக் குறையக்கூடாது, கையில ஸ்டியரிங் பிடிச்சு ஓட்டுறது 10 மணி நேரத்துக்குக் குறையக்கூடாதுன்னு இருக்கு. ஒரே வண்டியில நாலு பேரை ஏத்திக்கிட்டு ஆளுக்கு 20 நிமிஷம் குடுத்தா, 15 நாளைக்கு அஞ்சு மணி நேரம். பாதிதான். மிச்ச மூணு பேர் ஓட்டுறதை வேடிக்கை பாத்ததைக் கணக்குல சேக்காதீங்க. ஸ்கூல் லைசென்ஸ், அதாவது படிவம் 11, எங்கன மாட்டியிருக்குன்னும் ஒரு பார்வை பாத்துக்கிடுங்க.

வழியையும் கேளுங்க. தெனமும் காலையில ஆறு மணிக்கு வ.உ.சி. மைதானத்தைச் சுத்தி வந்தா, அந்த ஒரு சுத்துதான் உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் டவுன் ரத வீதியில ஒரு நாள், வண்ணார்பேட்டை செல்லப்பாண்டியன் சிலை ரவுண்டானாவுல ரெண்டு நாள், இருட்டுன பிறகு ஒரு நாள். இதுக்குக் கூட்டிட்டுப் போற ஆளா இருக்கணும்.

பேட்டை தம்பி: பத்தே நாள்ல லைசென்ஸ் வாங்கித் தாரோம்னு சொல்லுதாங்களே?

எல்.எல்.ஆர், அதாவது பழகுறதுக்குக் குடுக்கிற லைசென்ஸ், வாங்கி 30 நாள் ஆகாம டெஸ்டுக்கே போக முடியாது. எல்.எல்.ஆர் ஆறு மாசம் செல்லும். அவசரம் உங்களுக்கா, அவங்களுக்கா?

மேலப்பாளையம், ஒரு தங்கச்சி: சொல்லிக்கொடுக்கப் பொம்பளை மாஸ்டர் கிடைக்கல. வீட்டுல யோசிக்காங்க.

மொத வாரம் வீட்டாள் ஒருத்தரைப் பின் சீட்டுல உக்கார வைங்க. வேண்டாம்னு சொல்ற ஸ்கூல் நமக்கும் வேண்டாம். கியர் மாத்தக் கத்துக்கொடுக்கேன்னு உங்க கை மேல கை வைக்கத் தேவையே கிடையாது. வாயால சொன்னாலே போதும், அப்படித்தான் நான் நூத்துக்கணக்கான பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கு ஒரு மாதிரியா இருந்தா மொத நாளே சொல்லிருங்க. கால் எட்டலைன்னா முதுகுக்கு ஒரு தலையணை. அதுக்கு வெக்கப்படாதீங்க.

தச்சநல்லூர் தம்பி: ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் ஏறும்போது ட்ராபிக்ல நின்னா வண்டி பின்னால உருளுது. அரை கிளட்ச்சுலயே பிடிச்சு நிறுத்துன்னு மாஸ்டர் சொல்லுதாரு. சரியா?

தப்பு. ஹேண்ட் பிரேக்கை இழுங்க. அரை கிளட்ச்சுல, அதாவது கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்டு நிக்கும்போது, எஞ்சின் சுத்துது, சக்கரம் நிக்குது, நடுவுல கிளட்ச் பிளேட்டு உரசிச் சூடாகுது. கருகுன வாடை வரும் பாருங்க, அது உங்க காசுதான். ஹேண்ட் பிரேக் இழுத்து, மொத கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவா விட்டா வண்டி மூக்கைத் தூக்கும். அப்ப ஆக்சிலேட்டர் கொஞ்சம் குடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க.

இதுக்கு ஒரு லாரி அண்ணாச்சி வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துட்டாரு: 'என்ன வே, ஹேண்ட் பிரேக்கை இழுத்து இறக்கிக்கிட்டு இருந்தா பின்னாலயிருந்து ஹாரன் காதைப் பிளக்கும். 30 வருஷமா கிளட்ச்சுலதான் ஏத்துதேன். ஹேண்ட் பிரேக் கேபிள் அந்துபோச்சுன்னா என்ன செய்வீரு?'

அண்ணாச்சி, உங்க காலுக்கு 30 வருஷப் பழக்கம். இந்தத் தம்பிக்கு ஒம்பது நாள். ஆனி மாசம் நெல்லையப்பர் தேர் பாத்திருக்கீரே, நிறுத்தணும்னா வடம் பிடிக்கிறவங்களையா இழுத்துப் பிடிக்கச் சொல்லுதாங்க? சக்கரத்துக்கு அடியில கட்டையைப் போடுதாங்க. அந்தக் கட்டைதான் ஹேண்ட் பிரேக்கு. ஹாரன் அடிக்கிறவன் அடிச்சுட்டுப் போறான்.

அண்ணாச்சி விடல: 'தேர் நாள்ல அந்தப் பாலத்துல நின்னு பாரும், தெரியும். அது 1973-ல தெறந்த பாலம் வே, நான் அதுல ஏறாத வண்டி இல்ல.'

ஏறாத வண்டி இல்லதான், சரி. மாத்துன கிளட்ச் பிளேட்டு எத்தனைன்னு சொல்லும். ஆனா கேபிள் சொன்னீரே, அது நியாயம். பழைய வண்டியில கேபிள் தொய்ஞ்சுதான் போயிருக்கும். அதனால எல்லாரும் கேட்டுக்கிடுங்க: மொத நாள் ஏத்தத்துல நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்க. நிக்கலைன்னா, மாஸ்டர் அரை கிளட்ச்சு சொல்லிக்கொடுக்கதுக்குக் காரணம் அதுதான். அந்த ஸ்கூலை விட்டுருங்க.

அம்பாசமுத்திரம், கல்லூரி மாணவர்: எங்க அத்தான் கார்லயே பழகலாமா?

அத்தான்ட்ட கார் லைசென்ஸ் இருந்து, உங்க பக்கத்துலயே உக்காந்து வந்தா பழகலாம். முன்னாலயும் பின்னாலயும் வெள்ளையில செவப்பு எழுத்துல 'எல்' போர்டு வேணும், 18-க்கு 18 சென்டிமீட்டர். பேப்பர்ல பேனாவால கிறுக்கி ஒட்டாதீங்க. அத்தான் பக்கம் பிரேக் கிடையாது, அதனால அவரு கை ஹேண்ட் பிரேக் மேலயே இருக்கட்டும். மொத நாளே பாபநாசம் மலை ஏறணும்னு ஆசைப்படாதீங்க. குளம் வத்திக் கெடந்தா அதுல நாலு நாள் ஓட்டுங்க.

சங்கரன்கோவில் தம்பி: பைக்குல எட்டு போட வரமாட்டேங்கு.

நான் கார் ஆளு. பைக்குக்கு வேற ஆளைக் கேளுங்க.

கே.டி.சி. நகர்: எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல், பேர் சொல்லுங்க.

பேர் சொல்ல மாட்டேன். டீச்சருக்குச் சொன்னதை வாசிங்க.

முன்னீர்பள்ளம்: எந்த ஸ்கூல்ல சேரலாம்?

காலைப் பாருங்க.

லாரி அண்ணாச்சி மறுபடி: 'நாளைக்குக் காலையில பாலத்துக்கு வாரும், என் முறையில ஏத்திக் காட்டுதேன்.'

ஆறு மணிக்கு வாரேன். உம்ம வண்டியிலயே ஏறுவோம், என் வண்டி கிளட்ச்சுல கை வைக்க விடமாட்டேன்.