ஆபரேஷன் பயம்: மாத்திரை இல்லாமல் அம்மாவைத் தேற்றுவது எப்படி?

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. பித்தப்பையில் கல் இருப்பதால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) செய்யச் சொன்னார்கள். போன வாரம் ஆபரேஷன் அன்று காலையில் பிரஷர் 190/110 என்று ஏறியதால் தள்ளி வைத்துவிட்டார்கள். இதுவரை பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டதில்லை. இன்னும் பத்து நாளில் மறுபடி தேதி கொடுத்திருக்கிறார்கள். அம்மா சரியாகத் தூங்குவதில்லை, "எனக்கு ஏதாவது ஆயிட்டா" என்றே பேச்சைத் தொடங்குகிறார். தூக்க மாத்திரை பழகிவிடும் என்று அதையும் மறுக்கிறார். மருந்தில்லாமல் இந்தப் பயத்தைக் குறைக்க முடியுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முடியும். ஆனால் முதலில் அந்த 190/110 ஐப் பார்த்துவிடுவோம். அது பயத்தால் ஏறியதாக இருக்கலாம், ஆபரேஷன் தேதி வைத்த காலையில் ஏறாத பிரஷர் குறைவுதான். அதற்காக "டென்ஷன்ல ஏறிடுச்சு" என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும், அம்மாவை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். வீட்டிலும் 135/85 க்கு மேலேயே நின்றால் அது பயம் மட்டும் இல்லை, ரத்த அழுத்தமே இருக்கிறது. அதற்கு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், பாட்டு கேட்டால் எல்லாம் சரியாகாது.

சரி, இப்போது பயத்துக்கு வருவோம். நான் மயக்க மருத்துவன் என்பதால் தினமும் பார்ப்பது இதைத்தான். வீட்டு ஆட்கள் எல்லோரும் "தைரியமா இரும்மா, இது சின்ன ஆபரேஷன்" என்பார்கள், ஆனால் எதற்குப் பயப்படுகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டேனோ என்பார் ஒருவர், பாதியில் விழித்துவிடுவேனோ என்பார் இன்னொருவர், சிலருக்கு உடுப்பில்லாமல் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் படுத்திருக்க வேண்டுமே என்ற கூச்சம்தான் பெரிது. ஒரு அம்மா தியேட்டர் வாசலில் அப்படி நடுங்கினார், விசாரித்தால் ஆபரேஷனைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, தாலியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் விஷயம். தியேட்டரில் கரண்ட் வைத்துச் சதையை வெட்டும் கருவி இருக்கும், உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடும் ஆபத்து உண்டு, அதனால் கழற்றச் சொல்கிறோம். தங்கத்தை எடுத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றை மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டால் பல இடங்களில் சரி என்பார்கள். அன்று அந்தக் கயிறு செய்த வேலையை என் கையிலிருந்த ஊசி செய்திருக்காது.

அதனால் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து, "எதை நினைச்சாம்மா பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். குறுக்கே ஆறுதல் சொல்லாதீர்கள். வருவதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளோடு மயக்க மருத்துவரை ஆபரேஷனுக்கு முந்தைய நாளாவது பார்த்துப் பேசுங்கள். மருந்தில்லா வழிகளில் எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். 1963 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் அவர் குழுவினரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: சிலருக்கு ஆபரேஷனுக்கு முன் பதற்றம் தணிய ஒரு தூக்க ஊசி, சிலரை முந்தைய நாளே மயக்க மருத்துவர் போய்ப் பார்த்துப் பேசினார். ஊசி போட்டவர்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்களே தவிர பதற்றம் குறையவில்லை, மருத்துவர் பேசிவிட்டுப் போனவர்கள்தான் அமைதியாக வந்தார்கள். அடுத்த வருடம் அதே குழு, வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரில் பாதிப் பேரிடம் பிறகு வலி எப்படி இருக்கும், எப்படித் திரும்பிப் படுத்தால் குறையும் என்று சொல்லி வைத்தது. அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி ஊசி மற்றவர்களைவிடப் பாதியளவுதான். அறுபது வருடமாகத் தெரிந்த சங்கதி, ஆனாலும் நம் ஊரில் பல இடங்களில் மயக்க மருத்துவரை நோயாளி முதன்முதலில் பார்ப்பது தியேட்டருக்குள்ளேதான். இதில் எங்கள் ஆட்களையும் சேர்த்தே திட்டுகிறேன்.

அம்மாவிடம் சொல்லி வைக்க வேண்டியது புள்ளிவிவரம் இல்லை, உடம்புக்குத் தெரியப்போகும் சங்கதிகள். தியேட்டர் குளிரும், போர்வை கேட்டால் கொடுப்பார்கள். விரலில் கிளிப் மாட்டுவார்கள், அவருடைய இதயத் துடிப்பே பீப் பீப் என்று கேட்கும். ஆக்சிஜன் மாஸ்க்கில் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும், மூச்சு முட்டுவதுபோல இருந்தால் மாஸ்க்கை அவரையே பிடித்துக்கொள்ளச் சொல்வோம். மருந்து ஏறும்போது கையில் கொஞ்சம் சுருக்கென்று எரியலாம், அவ்வளவுதான் நினைவிருக்கும். எழுந்த பிறகு தொண்டை கரகரக்கும். லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவதால் இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கலாம். இதை முன்னால் சொல்லாவிட்டால் ஹார்ட் அட்டாக் என்று வீடே பதறும். அப்புறம், பாதியில் விழித்துக்கொள்வது: 2014 இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், சுமார் 19,000 மயக்கங்களில் ஒன்றில்தான் அப்படி ஒரு புகார் வந்திருந்தது.

ஒரு எச்சரிக்கை. எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்றில்லை. "எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, நீங்க பாத்துக்கோங்க" என்பவர்களிடம் வலியப் போய் விளக்கினால் பயம் கூடும். அம்மா எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பாட்டு நிஜமாகவே உதவும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013 இல் வெளியிட்ட அலசல், ஆபரேஷனுக்கு முன் இசை கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைகிறது என்றே சொன்னது. மெல்ல ஓடுகிற எதுவானாலும் சரி, பக்திப் பாட்டோ பழைய சினிமாப் பாட்டோ, அம்மாவுக்குப் பிடித்ததாக இருக்கட்டும், உங்களுக்குப் பிடித்ததைத் திணிக்காதீர்கள். அரை மணி நேரத்துக்கு வருகிற மாதிரி செல்போனில் போட்டு, காத்திருக்கும் அறையில் ஹெட்போனோடு கொடுங்கள். உள்ளே அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சுப் பயிற்சியும் உதவும், ஆனால் அதை இன்றைக்கே தொடங்க வேண்டும். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். இரவு படுக்கும்போது பத்து நிமிடம் போதும். ஆபரேஷன் அன்று காலையில் புதிதாகச் சொல்லிக் கொடுத்தால் அதுவே இன்னொரு பரீட்சை ஆகிவிடும்.

பார்க்க வருகிறவர்களை வடிகட்டுங்கள். "எங்க சித்திக்கும் இதே ஆபரேஷன்தான், பாவம்..." என்று கதை தொடங்கும் ஆளை டீ கொடுத்து வாசலோடு அனுப்பிவிடலாம், தப்பே இல்லை. ஒப்புதல் படிவத்தையும் ராத்திரி ஒன்பது மணிக்கு அவசரமாக நீட்டும்வரை காத்திருக்காமல், பகலிலேயே கேட்டு வாங்கிப் படித்துச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டினியை வேண்டாமல் நீட்டாதீர்கள். இரவிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்பது பழைய பழக்கம். திட உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் என்றால் எட்டு. வெறும் தண்ணீரைப் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்வரை அனுமதிக்கிறோம், கடுங்காப்பியையும்தான். தினமும் காலையில் காபி குடிப்பவருக்கு அது இல்லாமல் வரும் தலைவலியும் எரிச்சலும் பயத்தோடு சேர்ந்துகொள்ளும். பால் சேர்த்த காபி கூடாது, அதில் பிடிவாதம் வேண்டாம். உங்கள் மயக்க மருத்துவர் சொல்லும் நேரம்தான் கடைசி வார்த்தை.

"இயற்கைதானே" என்று அமுக்கரா சூரணம், தூக்கத்துக்கான மூலிகை மாத்திரை என்று யாராவது கொடுத்தால் வேண்டாம், மயக்க மருந்தோடு சேர்ந்து தொல்லை கொடுக்கலாம். ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இத்தனை செய்தும் அம்மா நாள் கணக்கில் தூங்காமல் தவித்தால், முந்தைய இரவு மருத்துவர் கொடுக்கும் ஒரு மாத்திரையால் யாருக்கும் பழகிப் போகாது, அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் பயம் என்று ஒதுக்காமல் உடனே காட்டுங்கள்.

அம்மா கண்ணாடி போடுபவர் என்றால் அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மயக்கம் தெளியும் அறையில் அதைக் கொடுக்கச் சொல்லி நர்ஸிடம் கேளுங்கள், கண் திறந்ததும் எதிரில் நிற்பது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.