வீட்டிலிருந்து வேலை: விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு?

வீட்டிலிருந்தபடியே பணிபுரிவோரின் பாதுகாப்பு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இங்கே விடையளிக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்களது நிறுவனங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் மனிதவளப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் ஊழியர்களில் பாதிப் பேர் சொந்த ஊரிலிருந்தே வேலை செய்கிறார்கள். சேலத்தில் இருக்கும் ஒருவர், வாடிக்கையாளருடனான கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று மாடி அறைக்கு விரைந்தபோது படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. “அது அவருடைய வீடு, நமக்கென்ன பொறுப்பு?” என்கிறது நிர்வாகம். இது சரியா? பொறுப்பு உண்டென்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சோதிக்க வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: வீடு அவருடையதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் செய்யப் போனது உங்கள் நிறுவனத்தின் வேலை. காயத்துக்கான இழப்பீட்டைப் பொறுத்தவரை, கட்டடம் யாருடையது என்பதை விட, காயம் பணியின்போதும் பணியின் காரணமாகவும் நேர்ந்ததா என்பதையே நம் சட்டம் முதலில் பார்க்கிறது. இ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ் வருகிறவர் என்றால், அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர் என்றால், பணியின்போது நேர்ந்த விபத்து, மாறான சான்று இல்லாதவரை, பணியின் காரணமாகவே நேர்ந்தது என்ற அனுமானம் ஊழியருக்கு ஆதரவாக இருக்கிறது. ஆகவே நிர்வாகம் கைகழுவுவதற்கு முன், அவர் எத்தனை மணிக்கு விழுந்தார், அந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு, அதற்கு அழைத்தவர் யார் என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு, இ.எஸ்.ஐ. உறுப்பினராயின் விபத்து அறிக்கையைத் தாமதமின்றி அனுப்புங்கள். உறுப்பினர் அல்லாதவராயின் உங்கள் குழு விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அலுவலக வளாகத்துக்கு மட்டுமே பொருந்தும்படி அதில் ஏதேனும் வாசகம் இருந்தால், அடுத்த புதுப்பிப்பின்போது அதை மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டு வேலையும் நம் சட்டத்துக்குப் புதியதன்று. தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளில் இலையும் தூளும் வாங்கி வந்து வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களை, 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அப்போதே தொழிலாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. மூலப்பொருள் கொடுத்து வேலை வாங்குகிறவருக்கு, அந்த வேலை எந்தக் கூரையின் கீழ் நடந்தாலும் கடமை உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட சட்டம் அது. மடிக்கணினி கொடுத்து வேலை வாங்குகிறவருக்கு மட்டும் அந்தக் கடமை இல்லாமல் போய்விடும் என்று வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், நியாயமாக இயன்ற அளவுக்குப் பாதுகாப்பான பணிச்சூழலைப் பேணுவதை வேலையளிப்பவரின் கடமையாக்குகிறது. தன் பாதுகாப்பில் கவனமாக இருப்பதும், ஆபத்தான நிலையைக் கண்டால் தெரிவிப்பதும் ஊழியரின் கடமை என்றும் அது சொல்கிறது. வீட்டு அலுவலகத்துக்கென்று அதில் தனி அத்தியாயம் இல்லை என்பது உண்மைதான். அந்த இடைவெளியில் வழக்காடலாம். ஆனால் வெளிநாட்டுத் தீர்ப்புகள் போகும் திசையையும் நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஜெர்மனியில் ஒருவர் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து, காலை உணவுகூட உண்ணாமல், கீழ்த்தளத்திலிருந்த வீட்டு அலுவலகத்துக்குச் சுழல் படிக்கட்டில் இறங்கும்போது வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அன்றைய பணிக்கான முதல் பயணம் அது என்பதால் அது பணி விபத்தே என்று அந்நாட்டுக் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில், நாய்க்குட்டிக்காகத் தன் வீட்டில் தானே வைத்த சிறு தடுப்பில் இடறி விழுந்த உள்ளாட்சி ஊழியர் ஒருவருக்கு ஆதரவாக 2024-இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவின் விபத்துப் பதிவு விதி இதற்கு நேர்மாறானது. வீட்டில் வேலை செய்கிறவர் அலுவலக ஆவணப் பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டால் அது பணிக்காயம். அலுவலகத் தொலைபேசியை எடுக்க ஓடும்போது வீட்டு நாய் மீது இடறினால் அது பணிக்காயம் ஆகாது என்று எடுத்துக்காட்டோடு அந்த விதி சொல்கிறது.

வீட்டைச் சோதிப்பது பற்றி: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வீட்டு அலுவலகங்களின் பாதுகாப்புக்கும் நிறுவனங்களே பொறுப்பு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை ஒரு நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் 2000 ஜனவரியில் வெளியே வந்தபோது எழுந்த எதிர்ப்பில், அதைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வீட்டு அலுவலகங்களுக்குள் சோதனை நடத்த மாட்டோம் என்று அடுத்த மாதமே அறிவித்தார்கள். நம் ஊரில், ஒரே கூடத்தில் பெற்றோரும் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்குள் மேலாளர் நுழைந்து நாற்காலியை அளப்பது பாதுகாப்பு ஆகாது, அத்துமீறலாகவே முடியும். பிரிட்டனின் வழி நமக்கு ஏற்றது. கணினித் திரையில் வேலை செய்வோருக்கான 1992-ஆம் ஆண்டு விதிகள் அங்கே வீட்டில் பணிபுரிவோருக்கும் பொருந்துகின்றன. நிறுவனம் ஒரு வினாப்பட்டியலை அனுப்புகிறது, ஊழியர் தன் இருக்கை, மேசை, வெளிச்சம், மின் இணைப்பு பற்றிப் பதில் எழுதுகிறார், குறை தெரிந்தால் நிறுவனம் சரிசெய்து தருகிறது.

நீங்களும் அப்படியொரு வினாப்பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து ஆண்டுக்கு ஒருமுறையும், ஊழியர் வீடு மாறும்போதும் அனுப்புங்கள். பணி நேரம் எது, பணியிட முகவரி எது என்பதைப் பணி நியமன ஆணையிலோ அதன் இணைப்பிலோ எழுதிவிடுங்கள், ஏனென்றால் விபத்து வழக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வினாப்பட்டியலை வாங்கி அடுக்கி வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமலிருந்தால், ஆபத்து தெரிந்தும் சும்மா இருந்தீர்கள் என்பதற்கு அதுவே உங்களுக்கு எதிரான சான்றாகும்.

கேள்வி: நான் கணக்கியல் சேவை நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். வீட்டில் மேசை இல்லாததால் கட்டிலில் சம்மணமிட்டு, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்து வேலை செய்கிறேன். கழுத்து வலி தொடர்கிறது. இரவில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. நாற்காலி கேட்டால் “நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். (வாசகி, தென்காசி)

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் ஆகியவை இரவில் மரத்துப்போவது, மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே கவனித்தால் மணிக்கட்டுப் பட்டையும் ஓய்வும் போதுமானதாக இருக்கலாம். நாள்பட்டால் கட்டை விரலின் அடித்தசையே மெலிந்துவிடும்.

மடிக்கணினியின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. திரை கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் விசைப்பலகை கைக்கு மிக உயரமாகிவிடும். விசைப்பலகை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து குனியும். தனி விசைப்பலகையும் மவுசும் வாங்கிவிட்டு, மடிக்கணினியைத் தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி கை நீளத் தொலைவில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சாப்பாட்டு மேசையைப் பயன்படுத்துவதாக இருந்தால், அதன் உயரம் பொதுவாக 75 செ.மீ. அளவில் இருக்கும் என்பதால், குள்ளமானவர்களுக்குத் தோள் தூக்கிக்கொள்ளும். நாற்காலியில் மெத்தை போட்டு உயர்த்தி, பாதம் தொங்காமலிருக்க மனைப்பலகையைக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்க வேண்டும்.

இதற்கான செலவு யாருடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தால் நாற்காலியும் மேசையும் அவர்கள்தான் போட்டிருப்பார்கள். ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்களுக்காக, ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திய மாநிலம் நம்முடையது. வீட்டுக்கு அந்தத் திருத்தம் நேரடியாகப் பொருந்துமா என்று வாதிடத் தேவையில்லை, அதன் நியாயம் பொருந்துகிறது. மருத்துவரின் சீட்டை இணைத்து, நாற்காலி, விசைப்பலகை, மவுசு ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சான்று இருக்காது.

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. மடிக்கணினி சார்ஜில் இருக்கும்போது அதன் உலோக உடலைத் தொட்டால் சுருசுருவென்று உணர்கிறேன். இது ஆபத்தா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அந்தச் சுருசுருப்பு பெரும்பாலும் சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டம். அது உங்களைக் கொல்லாது. ஆனால் உங்கள் பிளக் பாயின்டில் எர்த் இல்லை, அல்லது சார்ஜரின் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்கள் என்று அது சொல்கிறது. எர்த் இல்லாத வீட்டில் கிரைண்டரிலோ அயர்ன்பாக்ஸிலோ உண்மையான கசிவு ஏற்பட்டால், அதைத் தொடுகிறவர் உடல் வழியாகத்தான் மின்சாரம் தரைக்குப் போகும். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் அளவில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பு சுவிட்சைப் பொருத்தச் சொல்லுங்கள். அதிலிருக்கும் ‘டெஸ்ட்’ பொத்தானை அவ்வப்போது அழுத்தி, மின்சாரம் துண்டாகிறதா என்று பாருங்கள். மடிக்கணினி செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே அயர்ன்பாக்ஸையும் செருகாதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜாகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அதைக் கட்டிலுக்கு அடியிலோ மூடிய அலமாரியிலோ வைக்காதீர்கள்.

வீட்டின் வயரிங் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று அடித்துச் சொல்ல முடியாது, வீட்டைப் பாதுகாப்பாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. நிறுவனம் கொடுத்த கருவியும் அதன் சார்ஜரும் பழுதில்லாமல் இருப்பது நிறுவனத்தின் பொறுப்பு. சார்ஜர் வயர் உரிந்திருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவுப் பணியில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். மேற்பார்வையாளர் கேமராவை எப்போதும் திறந்தே வைக்கச் சொல்கிறார். நள்ளிரவில் தனியே வீடியோவில் அழைத்து, என் உடை பற்றியும் அறை பற்றியும் பேசுகிறார். வீட்டில் இருப்பதால் புகார் செய்ய முடியாது என்கிறாள் தோழி. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முடியும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பணியிடம் என்பதற்குத் தரப்பட்டுள்ள வரையறையிலேயே வசிப்பிடமும் வீடும் இடம்பெற்றிருக்கின்றன. வெவ்வேறு மாநிலங்களில் இருக்கும் ஊழியர்கள் இணையவழியில் சேர்ந்து பணிபுரியும்போது அந்த இணையவெளியும் பணியிடமே என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றமும் கருதியிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். அழைப்புப் பட்டியல், குறுஞ்செய்திகள் ஆகியவற்றை இன்றே திரைப்பிடி எடுத்து, நிறுவனத்தின் கணினியில் அல்லாமல் வேறிடத்தில் சேமித்து வையுங்கள். யாரிடமாவது உடனே பேச வேண்டும் என்று தோன்றினால் 181 என்ற மகளிர் உதவி எண் இரவிலும் எடுக்கப்படும். உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை.

கேள்வி: “பணி நேரத்தில் வீட்டில் நேரும் எந்த விபத்துக்கும் நானே முழுப் பொறுப்பு, இழப்பீடு கோர மாட்டேன்” என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். கையெழுத்திடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: அந்த வரிக்கு வேண்டாம். இழப்பீட்டு உரிமையை ஊழியர் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே நம் நாட்டில் இருந்துவரும் ஏற்பாடு. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களும் அஞ்ச வேண்டாம். அந்தத் தாளைக் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையிடலாம்.

அந்த வரியை நீக்கிவிட்டு வேறு வாசகத்தை நீங்களே முன்மொழியுங்கள்: வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைத்திருப்பேன், நிறுவனக் கருவிகளில் பழுது கண்டால் உடனே தெரிவிப்பேன், விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்புவேன். இந்த மூன்றுக்கும் தாராளமாகக் கையெழுத்திட்டு, ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.