தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கில வினைச்சொற்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கொழிஞ்சாம்பாறையில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் செய்யும் மூன்று தப்புகளைக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள்: 'மை டீச்சர் வாக் டு ஸ்கூல்', 'தி கௌஸ் கிரேஸஸ்', 'ஹீ டிட் நாட் வாக்ட்'. இவற்றைக் கவனக்குறைவு என்று திட்டவேண்டாம். முதல் இரண்டும் நேராகத் தமிழிலிருந்து வந்தவை. மூன்றாவதைத் திருத்தத் தமிழே உதவும்.

பாலக்காடு சித்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு: வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். தமிழில் நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறான், நடக்கிறோம் என்று ஆளுக்கு ஒரு வால். மலையாளத்தில் ஞானும் நடக்குன்னு, நீயும் நடக்குன்னு, அவரும் நடக்குன்னு. ஆங்கிலம் மலையாளத்தின் கட்சி. ஐ வாக், யூ வாக், வீ வாக், தே வாக். நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் என்ற மூன்றுக்கும் மட்டும் 'எஸ்' ஒட்டும். இறந்தகாலத்தில் அந்த வித்தியாசமும் கிடையாது. எல்லோருக்கும் 'வாக்ட்' ஒன்றுதான். ஆக ஒழுங்கான வினைக்கு மொத்த உருவங்கள் 4: வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். இதை முதல் நாளே மலையாளத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும்.

டீச்சருக்கு 'எஸ்' போடாமல் விட்டது மரியாதையால். 'டீச்சர் நடக்கிறார்' என்பதில் வரும் ஆர் விகுதி, காதுக்குப் பன்மை மாதிரி இருக்கிறது. ஆங்கில வினையில் மரியாதைக்கு இடமே இல்லை. தலைமையாசிரியரும் 'வாக்ஸ்', தெருநாயும் 'வாக்ஸ்'. மாடுகள் விஷயம் நேர் தலைகீழ். 'மாடுங்க மேயுது' என்று பேசுகிறோம்; பல மாடுகளுக்கும் வினை ஒருமைதான். அதனால்தான் 'கௌஸ்' பக்கத்தில் 'கிரேஸஸ்' வந்து உட்கார்ந்துவிடுகிறது. திருத்த ஒரே வழி: எழுவாயை எடுத்துவிட்டு, அங்கே ஹீ, ஷீ, இட், தே நான்கில் எது பொருந்தும் என்று கேட்கச் சொல்லுங்கள். 'தே' வந்தால் வினையில் 'எஸ்' இல்லை.

'டிட் நாட் வாக்ட்' தப்புக்கு மருந்து 'நடக்கவில்லை' என்ற சொல்லிலேயே இருக்கிறது. 'நடந்தவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'இல்லை' வந்தவுடன் வினை 'நடக்க' என்று வெறுமனே நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் டிட், டஸ் வந்தாலும் அப்படித்தான்: காலத்தையும் 'எஸ்'ஸையும் அவை சுமந்துகொள்ளும், பின்னால் வருவது வெறும் வாக். கேள்விக்கும் இதே கணக்கு: 'டஸ் ஷீ வாக்?'

எழுத்துக்கூட்டிலும் மதிப்பெண் போகிறது. ஸ்டாப் என்பதற்கு 'பி' இரட்டிக்கிறது, வெயிட் என்பதற்கு 'டி' ஏன் இரட்டிக்கவில்லை? தமிழ் வகுப்பில் படித்த புணர்ச்சி விதியை எடுங்கள். தனிக்குறிலை அடுத்த ஒற்று, பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும்: கல் + எறிந்தான் = கல்லெறிந்தான். நெடில் என்றால் இரட்டாது: பால் + ஆறு = பாலாறு. ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதேதான். கடைசியில் ஒரு மெய், அதற்கு முன் ஒரே ஒரு உயிரெழுத்து என்றால் 'இ-டி', 'ஐ-என்-ஜி' சேரும்போது மெய் இரட்டிக்கும். வெயிட்டில் 'ஏ', 'ஐ' என்று இரண்டு உயிர்கள், அதனால் இல்லை. இரண்டு அசைச் சொல்லில் அழுத்தம் எங்கே என்று பாருங்கள்: விசிட்டில் முன்னசையில் அழுத்தம், இரட்டாது, ப்ரிஃபரில் பின்னசையில், 'ஆர்' இரட்டிக்கும். டிராவல் மாதிரி 'எல்'லில் முடிபவை மட்டும் பிரிட்டிஷ் முறையில் அழுத்தம் பார்க்காமலே 'எல்'லை இரட்டிக்கும். டபிள்யூ, எக்ஸ், ஒய் மூன்றும் எப்போதும் இரட்டாது.

டான்ஸில் உள்ள ஊமை 'இ', 'ஐ-என்-ஜி' வந்தால் குற்றியலுகரம் போல ஓடிவிடும். இறந்தகாலத்துக்கு 'இ-டி'யில் உள்ள 'டி' மட்டும் போதும். கேரி மாதிரி, மெய்க்குப் பின் 'ஒய்' வந்தால் அது 'ஐ' ஆகி 'இ-எஸ்', 'இ-டி' ஏற்கும். பிளே என்பதில் 'ஒய்'க்கு முன் உயிர் இருப்பதால் மாற்றமில்லை. வாஷ், கேட்ச், கிராஸ், ஃபிக்ஸ் எல்லாம் 'எஸ்'ஸுக்குப் பதில் 'இ-எஸ்' கேட்கும்.

உச்சரிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். நம் பக்கம் 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்' என்று தாராளமாகக் கேட்கலாம். தமிழ் நாக்குக்கு மெய்கள் நெருங்கி நின்றால் நடுவில் ஓர் உயிரை நுழைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் உயிர் உண்மையில் தேவைப்படுவது 'பட்டு'வில் வரும் ட், 'வண்டி'யில் வரும் ட ஆகிய ஒலிகளில் முடியும் வினைகளுக்கு மட்டும்: வெயிட்டிட், பிளான்ட்டிட், நீடிட். மற்றவற்றுக்குத் தொண்டையில் விரல் வைத்துக் கடைசி ஒலியைச் சொல்லிப் பார்க்கட்டும். அதிர்வு இல்லையென்றால் (வாக், வாஷ், ஸ்டாப்) 'பட்டு' என்பதில் வரும் ட்; அதிர்ந்தால் (பிளே, கேரி, கிளைம்ப்) 'வண்டி'யில் வரும் ட. கிளைம்ப் என்பதன் 'பி' ஊமை, ஆகவே 'கிளைம்ட்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் குழப்பம் வரும். மலையாள எழுத்து தெரிந்தால் அதில் எழுதிக் காட்டுங்கள், அங்கே இரண்டும் தனித்தனி.

பயிற்சிக்கு 10 வினை போதும்: வாக், வெயிட், வாஷ், கேரி, ஸ்டாப், பிளான்ட், பிளே, கிளைம்ப், கிராஸ், டான்ஸ். இந்தப் பத்தில் மேலே சொன்ன விதிகள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு வினைக்கு 4 வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: ஐ, ஷீ, நேற்று, டிட் நாட். 'தி பஸ் ஸ்டாப்ஸ் அட் வேலந்தாவளம்' போல ஊர்ப்பெயர் வைத்தே எழுதட்டும். எழுதி முடித்ததும் உரக்கப் படிக்க வைத்து, நீங்கள் 'இ-டி' ஒலியை மட்டும் கவனியுங்கள். மற்றதை அன்றைக்கு விட்டுவிடலாம்.